அளவுச் சட்டையைக் கொடுக்காதீர்கள்! – தையலக்கா பதில்கள்

போன இதழில் எழுபது வயதுப் பென்ஷன்கார ஆசிரியை ஒருவர் சிவப்புச் சேலை கட்டலாமா என்று கேட்டிருந்தார். "கட்டுங்கோ, பாவாடை நாடாவை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கோ" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும், வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள், எழுத ஏலாதவர்கள் பேரப்பிள்ளையின் போனில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் வயது போனவர்கள், அல்லது வயது போனவர்களோடு உடுப்புக்காகச் சண்டை பிடிக்கும் பிள்ளைகள். அதனால் இந்த முறை முழுக்க அவர்களுக்குத்தான். கவுணும் பஞ்சாபியும் கேட்ட பிள்ளைகள் அடுத்த மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 71. மெலிந்துதான் போயிருக்கிறேன், ஆனாலும் ஒரு சேலைச் சட்டையும் சரியாக இருக்கிறதில்லை. பின்பக்கம் மேலே ஏறுது, முன்பக்கம் தொங்குது, ஒரு பக்கத் தோள் வழியுது. நாலு தையல்காரிகளிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். கலியாண வீட்டுக்குப் போகவே இப்போது மனமில்லை. என் உடம்பில்தான் பிழையா அக்கா? – ஆரையம்பதி வாசகி

உங்கள் உடம்பில் பிழை இல்லை. அந்த நாலு பேரிலும் முழுப்பிழை இல்லை. பிழை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த அளவுச் சட்டையில். கொடுத்தீர்கள்தானே? எங்கள் ஊரில் யார் கொடுக்காமல் விடுவார்கள்!

நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த மெசினோடு இருக்கிறேன், துணிப் பையோடு கூடவே ஒரு பழைய சட்டையும் வரும், "இந்த அளவுக்கே தைங்கோ" என்று. ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த அளவுச் சட்டையில் கைப்பக்கம் மஞ்சள் கறை, கொக்கி இரண்டு கழன்று போயிருந்தது, அக்குளில் துணி நைந்து நூல் தெரிந்தது. எப்போ தைத்தது என்று கேட்டேன். மூத்த மகளின் கலியாணத்துக்காம். அந்த மூத்த மகளுக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது! அந்தக் காலத்து உடம்புக்கு வெட்டியதை அச்சுப் பிசகாமல் திரும்ப வெட்டினால் இன்றைக்கு எப்படிச் சேரும்?

வயது போகப் போக உயரம் குறையும். நாற்பதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் என்று சொல்வார்கள், எழுபதைத் தாண்டினால் இன்னும் கெதியாக. முள்ளந்தண்டுக்கு இடையில் இருக்கிற வட்டுகள் தட்டையாகிவிடும், முதுகு கொஞ்சம் வளையும், தோள் முன்னுக்கு உருளும். அப்போது முதுகுப் பக்கத்துக்குத் துணி கூட வேண்டும், முன்பக்கத்துக்குக் குறைய வேண்டும். பழைய சட்டையில் இரண்டும் மாறி இருக்கும், அதனால்தான் உங்களுக்குப் பின்னால் ஏறுது, முன்னால் தொங்குது. வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் குதிக்காலையும் முதுகையும் ஒட்டி நேராகப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பின்தலை சுவரில் முட்டுதா? முட்டாவிட்டால் முதுகு வளைந்திருக்கிறது, சட்டையும் அதற்கு ஏற்ற மாதிரி வளைய வேண்டும். (திடீரென்று முதுகு பிடித்து வலித்து, அதற்குப் பிறகு கூன் விழுந்தது என்றால் தையல்காரியிடம் வர வேண்டாம், முதலில் டொக்டரிடம் போங்கள். எலும்பு நொந்திருக்கலாம்.)

அடுத்த முறை வெறுங்கையோடு போய், "என் உடம்பில் அளவெடுங்கோ" என்று சொல்லுங்கள். கழுத்துக்குப் பின்னால் துருத்தி நிற்கிற எலும்பில் இருந்து சட்டை முடிகிற இடம் வரைக்கும் முதுகு வளைவோடு சேர்த்து ஓர் அளவு. முன்னால் கழுத்தடித் தோளில் இருந்து மார்பு நுனிக்கு ஒன்று, அங்கிருந்து கீழே ஒன்று. டாட் (மார்புக்கு வடிவம் வர மடித்துத் தைக்கிறது) பிடிக்கிற இடம் பழைய சட்டையில் இருந்ததைவிட ஒன்று ஒன்றரை அங்குலம் கீழே வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வரும். இரண்டு தோளையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், ஒரே மாதிரி இருக்காது. கொக்கி முன்பக்கம், பெரிய கொக்கி. விரல் மடங்க நோகிறது என்றால் அழுத்துகிற பட்டன். பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு இன்னும் மாறும்.

கை இறுக்கமாக வேண்டாம். கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறபோது சட்டைக்கை மேலே ஏறாமல், பின்னால் வரிசை நிற்க, அந்தத் தாதிப் பிள்ளை இழு இழு என்று இழுக்கிறதை எத்தனை தரம் பார்த்துவிட்டேன்.

அவர் இல்லாமல் 11 வருஷம். அன்றைக்கு இருந்து வெள்ளையும் சாம்பலும்தான் கட்டுகிறேன். எனக்கு 66. வருகிற மாதம் பேத்திக்குச் சாமத்திய வீடு. மகள் எனக்கென்று மெரூன் கரை வைத்த பச்சைச் சேலை வாங்கி வந்திருக்கிறா. கட்ட ஆசையாகவும் இருக்கிறது, சனம் என்ன கதைக்கும் என்று பயமாகவும் இருக்கிறது. – களுவாஞ்சிக்குடி வாசகி

கட்டுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும், நீங்களும் இந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. சேலை பச்சையாக இருந்தால் மட்டும் போதுமா? ஆராத்தி எடுக்கிற நேரம், தட்டுத் தூக்குகிற நேரம் உங்களைக் கூப்பிடுவார்களா? புதுப் பச்சைச் சேலையோடு போய் மண்டபத்தில் கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்த்தி வைத்தால், வெள்ளையோடு இருந்ததைவிட அது கூட நோகும். ஆகையால் முதலில் மகளிடம் கேளுங்கள்: "மகள், அன்றைக்கு நான் முன்னுக்கு நிற்கிறதா, பின்னுக்கு நிற்கிறதா?" அவ சேலை வாங்கின மனதோடு இதைப் பற்றியும் யோசித்தாவோ என்று எனக்குத் தெரியாது. யோசிக்காவிட்டால் இப்போது யோசிக்கட்டும், மருமகன் பக்கத்துச் சனத்தோடு கதைக்க ஒரு மாதம் இருக்கிறது.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதிக் கொடுக்கிறோம், கடைசிக் காலத்தில் தாய் இருப்பதும் மகளின் வீட்டில்தான். அதனால் வேறு ஊர்க் கதைகளில் வருகிற மாமி மருமகள் சண்டை எங்களுக்குக் கொஞ்சம் குறைவு. பதிலுக்கு மகள்தான் எங்களுக்குக் கண்ணாடி. "என்னம்மா இது கோலம்" என்று வாசலில் வைத்துச் சொல்லுவதும் அவதான், சேலை வாங்கி வருவதும் அவதான். உங்களுடையவ வாங்கி வந்திருக்கிறா. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுபடி சாம்பலைக் கட்டினால் அவவுக்கும் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

சனத்தைப் பற்றி ஒன்று. சண்டையிலும் சுனாமியிலும் ஆம்பிளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் இரண்டு மாவட்டத்திலும் எந்தத் தெருவில் இல்லை? அந்தப் பெண்கள் எல்லாரையும் பின்னுக்கு நிறுத்திவிட்டுச் சடங்கு செய்யலாம் என்றால் தட்டுத் தூக்க ஆள் எங்கே இருந்து கொண்டுவருவது? பேச விரும்புகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

சரி, துணி விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருஷம் மெல்லிய வொயில் கட்டின உடம்பு, புதுச் சேலை விறைப்பாக, நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கட்டினீர்கள் என்றால் நாள் முழுக்க கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பீர்கள், பார்க்கிறவர்கள் வெட்கம் என்று நினைப்பார்கள். அதனால் வீட்டில் இரண்டு பின்னேரம் கட்டிக்கொண்டு தேத்தண்ணி போடுங்கள், முற்றம் கூட்டுங்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போங்கள். ஊர் அதிர்ச்சி அந்த வெள்ளியோடு முடிந்துவிடும், சாமத்திய வீட்டில் அது பழைய கதை. சட்டை மட்டும் பழைய வெள்ளையைப் போட வேண்டாம், கரையில் இருக்கிற மெரூனில் தைத்துப் போடுங்கள்.

ஆ, இன்னொன்று. கட்டிப் பார்த்த பிறகும் வெள்ளைதான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் வெள்ளையே கட்டுங்கள். நல்ல வெள்ளையாக, கரை வைத்ததாக.

34 வருஷம் லோங்ஸும் வெள்ளைச் சேட்டும் போட்டு அரசாங்க வேலைக்குப் போனேன். பென்ஷன் எடுத்த பிறகு சாரமும் பெனியனும்தான். கனடாவில் இருக்கிற மகன் ஜீன்ஸும் ரீசேட்டும் பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறான். போட்டால் மனிசி சிரிக்கிறா. ஜீன்ஸ் இடுப்பில் நிற்கவும் இல்லை. 69 வயதில் இதெல்லாம் தேவையா? – கல்முனை வாசகர்

மனிசி சிரித்தால் சிரிக்கட்டும் ஐயா, பென்ஷன் எடுத்த பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது நல்லதுதானே.

ஜீன்ஸ் நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. வயது போக ஆம்பிளைகளுக்கு வயிறு முன்னுக்கு வரும், பின்பக்கம் சப்பையாகும், தொடை மெலியும். இடுப்புச் சுற்றளவைப் பார்த்து மகன் வாங்கியிருப்பார், முன்னால் சரியாக இருக்கும், பின்னால் வெறும் சாக்கு. சாதாரண லோங்ஸ் என்றால் பின் நடுத்தையலுக்குள் இதற்கென்றே துணி விட்டிருப்பார்கள், பிரித்துப் பிடித்தால் வேலை முடிந்தது. ஜீன்ஸில் அந்தத் தையல் இரட்டை மடிப்பு, பிரித்துத் தைத்தாலும் வடிவாக வராது. இடுப்புப் பட்டியின் பின்பக்கம் மட்டும் இலாஸ்டிக் வைத்துத் தரச் சொல்லுங்கள், சேட்டை வெளியே விட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதற்கும் சரிவராவிட்டால் பேரனுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் அளவுக்கு இரண்டு லோங்ஸ் தையுங்கள். வெள்ளையை 34 வருஷம் போட்டாயிற்று, இளநீலமோ பாசிப் பச்சையோ போட்டுப் பாருங்கள். கழுத்து மெலிந்து கொலர் தனியாக நிற்கிறது என்றால் ஓர் அளவு குறைத்து வாங்குங்கள், கழுத்துக்கும் கொலருக்கும் இடையில் இரண்டு விரல் போனால் போதும். மூன்று விரல் நாலு விரல் போகிற கொலர்தான் ஆளை வருத்தக்காரர் மாதிரிக் காட்டுவது.

ரீசேட்டில் ஒரு கவனம். இங்கிலிசில் ஏதும் எழுதியிருந்தால் பேரப்பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு பெரியவர், வெளிநாட்டுப் பெட்டியில் வந்த கறுப்பு ரீசேட்டை, கறுப்புத்தானே என்று செத்த வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'கேம் ஓவர்'. பிரேதத்துக்குப் பக்கத்தில் அவர் கைகட்டி நின்ற நிலையையும், இளந்தாரிகள் சிரிப்பை அடக்க ஏலாமல் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினதையும் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

சாரத்தை விடச் சொல்லவில்லை. வீட்டில் அதைவிடச் சுகமான உடுப்பு என்ன இருக்கிறது? பக்கத்திலேயே மருதமுனை, கைத்தறிச் சாரத்துக்குப் பேர்போன ஊர், அங்கே போய் உங்கள் கையால் தொட்டுப் பார்த்து நல்ல இரண்டு வாங்குங்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரிக் கட்டுங்கள். இராத்திரி பாத்ரூமுக்கு எழும்பிப் போகிறபோது நீளச் சாரம் தடுக்கி விழ வைக்கும்.

மகள் கட்டாரில் இருந்து வந்தபோது மூன்று கறுப்பு அபாயா கொண்டுவந்தா. எனக்கு 70 வயது, கலியாணம் முடித்த நாளில் இருந்து சேலைதான், முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன். அபாயாவைப் போட்டால் நான் இல்லாத மாதிரி இருக்கிறது. மகளின் மனம் நோகவும் கூடாது. – சாய்ந்தமருது வாசகி

ராத்தா, மார்க்கத்தில் எது சரி என்று சொல்ல நான் ஆள் இல்லை, அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு கதைத்துக்கொள்ளுங்கள். நான் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் தைக்கத் தொடங்கின காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் இருந்து வருகிற மூத்தம்மாமார் எல்லாம் நீங்கள் சொல்கிற கோலம்தான். முழங்கை வரை நீண்ட கைச் சட்டை, பூப்போட்ட வொயில் சேலை, முந்தானை தலையைச் சுற்றி வந்து நெஞ்சில் ஓர் ஊசியோடு நிற்கும். காற்றடித்தாலும் நழுவாது. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கவே நான் வாசல் வரைக்கும் கூடப் போவேன். ஐம்பது வருஷம் அப்படி இருந்த கைக்கு, தலையில் இழுக்க முந்தானை இல்லாவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருக்கும். "நான் இல்லாத மாதிரி இருக்கிறது" என்று எனக்கு எழுதினீர்களே, அதே வசனத்தை மகளிடம் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவையில்லை, அது அவவுக்கு விளங்கும்.

அப்புறம், கட்டாரில் கார், கடை எல்லாம் ஏசி. இங்கே ஆனி ஆடியில் கச்சான் அடிக்கிற நேரம் வெயிலுக்குள் கறுப்பு நைலோன் துணியோடு பஸ்ஸுக்கு நிற்கிறது வேறு கதை. வயது போனால் உடம்பு முன்னே மாதிரி வியர்த்து ஆறாது, சூடு உள்ளேயே நிற்கும், தலை சுற்றும். மூன்றில் மெல்லியதாக இருக்கிறதை எடுத்து, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி பட்டன் வைத்துத் தைப்பியுங்கள். கிளினிக்குக்கும் பயணத்துக்கும் சேலைக்கு மேலே கோட் மாதிரிப் போட்டுக்கொண்டு போகலாம், போன இடத்தில் கழற்றலாம். மகள் கொண்டுவந்ததைப் போட்ட மாதிரியும் ஆச்சு. அடியை இரண்டு அங்குலம் மடித்துத் தைக்க மறக்க வேண்டாம். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினால் அபாயாவோ முந்தானையோ சில்லுக்குள் போகிறது விளையாட்டு இல்லை, ஏறியதும் மடியில் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வருகிறபோது சாம்பல் நிறத்தில், பருத்தியில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மிச்ச இரண்டு? வீட்டில் பேத்திமார் இல்லையா!

58 வயதில் தலைக்கு டை அடிப்பதா, விடுவதா? – ஏறாவூர் வாசகர்

விருப்பம் என்றால் அடியுங்கள். ஆனால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டு அடியுங்கள், இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத டை ஒரு நாள் திடீரென்று முகம் வீங்க வைக்கும். நல்ல கறுப்பை விட்டு, மண்ணிறத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் முகத்தோடு ஒட்டும். மீசைக்கு மட்டும் அடித்துத் தலையை விடாதீர்கள், தயவுசெய்து.

கறுப்புப் பாவாடை என்று நினைத்துக் கடும் நீலத்தைக் கட்டிக்கொண்டு கறுப்புச் சேலையோடு போய்விட்டேன். மச்சாள் எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தா. எனக்கு 73. மறதி வந்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது. – மட்டக்களப்பு நகர வாசகி

மறதி இல்லை, கண். முதலில் மச்சாளின் கதையை விடுங்கள், அவவும் ஒரு நாள் கட்டிக்கொண்டு வருவா.

கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயது போகப் போக மஞ்சளாகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி. நீலமும் ஊதாவும்தான் முதலில் அடிபடும். கடும் நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், ஊதா மண்ணிறமாகத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் எங்களுக்கே தெரியாது.

எனக்கு 65இல் வலக்கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் காலை அலுமாரியைத் திறந்தேன், பிறகு ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணால் பார்த்தேன், மாற்றிப் பொத்திப் பார்த்தேன். இடக்கண்ணுக்குச் சுவர் பழைய கடதாசி நிறம், வலக்கண்ணுக்குச் சுண்ணாம்பு வெள்ளை. ஆறு வருஷமாக மண்ணிறம் என்று நினைத்து, எந்தச் செத்த வீட்டுக்கும் அடக்கமாக இருக்கும் என்று கட்டிக்கொண்டு போன சேலை நல்ல கத்தரிப்பூ ஊதா! ஊரில் ஒரு சனம் எனக்குச் சொல்லவில்லை. தையல்காரிக்குச் சொல்லப் பயந்திருப்பார்கள். வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தேன், அக்குளில் எல்லாம் மஞ்சள். இவ்வளவு நாளும் எவ்வளவு கவுரவமாக நடந்து திரிந்தேன் என்று நினைத்து அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன், கொஞ்சம் அழுதும் இருப்பேன்.

கண்ணைக் காட்டுங்கள். அது வரைக்கும் உடுப்பு எடுப்பது பகலில், ஜன்னல் பக்கம் வைத்து. குண்டு பல்ப்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் இன்னும் மோசமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சின்ன வேலை செய்யலாம். பாவாடை நாடாவின் நுனியில் முடிச்சுப் போடுங்கள். கறுப்புக்கு ஒரு முடிச்சு, நீலத்துக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று. விரலால் தொட்டாலே தெரியும், லைட் இல்லாத விடியற்காலையிலும் பிழைக்காது. நாடா என்றதும் ஞாபகம் வருகிறது, அதை ஒரே இடத்தில் இறுக்கி இறுக்கிக் கட்டி இடுப்பில் கறுத்த தடம் விழுந்திருக்கும், சிலருக்குப் புண்ணாகவே ஆகும். மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைப்பியுங்கள். தடம் இருந்தால், ஆறாத புண் ஏதும் இருந்தால், டொக்டரிடம் காட்டாமல் விட வேண்டாம்.

அம்மாவுக்கு 74. அலுமாரியில் புதுச் சேலை 14 இருக்கிறது, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் கிழிந்த ஹவுஸ்கோட்டோடு திரிகிறா. ஆட்கள் வந்தால் எனக்குத்தான் வெட்கம், மகள் பார்க்கிறதில்லை என்று சொல்ல மாட்டார்களா? கேட்டால் "இருக்கட்டும், தேவைப்படும்" என்கிறா. – திருக்கோவில் வாசகி

தங்கச்சி, கோபிக்க வேண்டாம், உங்கள் கடிதத்தில் வெட்கம் உங்களுடையது, அம்மாவுடையது இல்லை. அவ சுகமாகத்தான் இருக்கிறா.

74 வயது என்றால் அவ எதை எல்லாம் பார்த்த ஆள் என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள். எழுபதுகளில் இறக்குமதி இல்லாமல் துணிக்குத் தட்டுப்பாடு, ஒரு சேலையை அக்கா தங்கச்சி மாறிக் கட்டின காலம். 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை போய், வீட்டில் நனையாமல் மிஞ்சியது டிரங்குப் பெட்டிக்குள் இருந்ததுதான் என்று எங்கள் வீட்டிலேயே கதை இருக்கிறது. பிறகு சண்டை, கையில் கிடைத்த பையோடு ஓடினது. 2004இல் கடல். நல்ல துணியைப் பிரிக்காமல் வைத்திருப்பது அவவுக்குக் கஞ்சத்தனம் இல்லை, அரிசி மூட்டை மாதிரி. "தேவைப்படும்" என்றால் அவவுக்கு அர்த்தம் இருக்கிறது. இன்னும் சிலர், சொல்ல மாட்டார்கள், கடைசிப் பயணத்துக்கென்று ஒன்றை வைத்திருப்பார்கள். அது எது என்று நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டா, இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லையே என்றுதான் இருப்பா.

புதிதாக இன்னொரு சேலை வாங்கிக் கொடுக்க வேண்டாம், அது பதினைந்தாவதாகப் போய்ச் சேரும். அவ கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பழைய பருத்திச் சேலை இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சேலை ஐந்தரை மீற்றர், சின்ன உடம்பென்றால் இரண்டு ஹவுஸ்கோட் வரும். கிழிந்ததையே மாதிரிக்கு வைக்கலாம் (மேலே ஆரையம்பதிக்காரிக்குச் சொன்னதை நானே மீறுகிறேன், ஹவுஸ்கோட் தொளதொளவென்று இருப்பதால் பரவாயில்லை). கரையைக் கழுத்திலும் கையிலும் வைத்துத் தைத்தால் ஆட்கள் வந்தாலும் எழும்பி ஓடத் தேவையில்லாத உடுப்பு. இரண்டு பக்கமும் ஆழமான பொக்கற் வைக்க வேண்டும், போன், வெற்றிலைப் பெட்டி, கிளினிக் மாத்திரை எல்லாம் போகிற அளவுக்கு. பொக்கற்றைக் கண்டால் விடவே மாட்டா.

அந்தப் பதினாலில் பட்டு இருந்தால் மட்டும் சொல்லுங்கள், மடிப்பை மாற்றாமல் வருஷக்கணக்கில் வைத்தால் மடித்த கோட்டிலேயே வெடித்துக் கிழியும், சரிகை கறுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்து, காற்றாட விட்டு, வேறு மாதிரி மடித்து வையுங்கள். இது அம்மாவை உடுக்க வைக்கச் செய்கிற சூழ்ச்சி இல்லை. ஆனால் சேலையைப் பிரித்து மடியில் போட்டால் ஒரு தரம் தோளில் வைத்துப் பார்க்காத பெண்பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

சீனி வருத்தம் 15 வருஷம், கால் விறைக்கிறது. கிளினிக்கில் செருப்பு மாற்றச் சொன்னார்கள். ஆனால் அந்தச் செருப்பெல்லாம் ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இருக்கிறது. 68 வயதென்றால் வடிவே வேண்டாமா? – வாழைச்சேனை வாசகி

வேண்டும். ஆனால் விரலிடுக்கில் மாட்டுகிற செருப்பு வேண்டாம், விறைத்த காலில் கழன்று போவதே தெரியாது, இடுக்கில் புண் வந்தாலும் தெரியாது. பின்னால் வார் வைத்தது, முன்பக்கம் அகலமானது எடுங்கள். கடைக்குப் பின்னேரம் போங்கள், காலையில் வாங்கினால் பகல் முழுக்க நடந்து வீங்கின கால் அதற்குள் போகாது. போக முதல் வீட்டில் ஒரு மட்டையில் கால் வைத்து, பென்சிலால் சுற்றிக் கீறி, வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனி மட்டை. செருப்புக்குள் வைத்துப் பார்த்தால் மட்டை எங்கேயும் மடங்கக் கூடாது. கால் சொல்லாததை மட்டை சொல்லும். போடுகிற ஒவ்வொரு தரமும் உள்ளே கையை விட்டுக் கல், முள் பாருங்கள்.

இந்த மாதிரிச் செருப்பு முந்தி கறுப்பிலும் மண்ணிறத்திலும்தான் வந்தது. இப்போது சிவப்பிலும் வருகிறது.